தனியாகப் பஸ் ஏறாதே

ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிர்த் தெருவில் இருந்த அந்தச் சின்ன ஓட்டலில் அறை கேட்டபோது, முகப்பில் உட்கார்ந்திருந்த நஜீமா முதலில் கலாதேவியின் முதுகுக்குப் பின்னால்தான் எட்டிப் பார்த்தாள்.

“கூட யாரும் வாராங்களாக்கா?”

“இல்லம்மா. நான் மட்டுந்தான்.”

“புருஷன் பின்னாடி வாராரா?”

“கட்டிக்கவே இல்ல. அதுக்கும் எழுதிக் குடுக்கணுமா?”

நஜீமா சிரித்துக்கொண்டே ஐ.சி. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டாள். கலாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. தனியாகப் போகும் பெண்களுக்கான யோசனைகள் என்று கைப்பேசியில் ஒரு மாதமாகப் பார்த்து வைத்திருந்தாள். விரலில் மோதிரம் போட்டுக்கொள், கேட்டால் கணவன் மாடிக்கு வந்துகொண்டிருக்கிறான் என்று சொல் என்றது அதில் ஒன்று. ஐம்பத்து நான்கு வயதில், கையுறைத் தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கிச் சம்பாதித்த சம்பளத்தில் ஒரு கட்டில் கேட்க, இல்லாத புருஷனை எதற்கு மாடியேற்ற வேண்டும்? மற்ற யோசனைகள் உருப்படியானவை. லிப்டுக்குப் பக்கத்து அறையாகக் கேட்டு வாங்கினாள். உள்ளே போனதும் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். ஜன்னல் கொக்கி ஆடியது. கீழே போய்ச் சொல்லி, அதைச் சரி செய்ய வைத்த பிறகுதான் பையைத் திறந்தாள்.

மறுநாள் விடியற்காலை ரயிலில் பட்டர்வொர்த். அங்கிருந்து ஃபெரி ஏறிப் பினாங்கு. அவள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து வரும் முதல் பஸ்ஸைப் பிடித்தால் அந்த ரயில் கிடைக்காது. அதனால்தான் இந்த ஓர் இரவு. ஃபெரியில் போக ஆசைப்பட்டவள் தங்கை குமுதா. ஒவ்வொரு தீபாவளிக்கும் தம்பி சுகுமாரன், “அடுத்த லீவுல நான் கூட்டிட்டுப் போறேன்” என்பான். குமுதா செத்துப்போய் எட்டு மாதமாகிறது.

பசித்தது. கீழே நாகூர் மீரானின் கடையில் ரொட்டி சானாயும் பால் ஊற்றாத தே ஓவும் சொல்லிவிட்டு, சுவருக்கு முதுகு கொடுத்து, வாசல் தெரியும்படி உட்கார்ந்தாள். அதுவும் கைப்பேசி சொன்ன யோசனைதான்.

“சுகு அக்காதானே? தம்பி எங்க?” என்றார் நாகூர் மீரான். சுகுமாரன் லோரியை நிறுத்திவிட்டுச் சாப்பிடுகிற கடை என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

“அவன் வரல. நான் மேல ரூம் எடுத்திருக்கேன்.”

“ரூமா? பக்கத்துல லகாட்ல தம்பி வீட்ட வச்சுக்கிட்டு ரூமா! தப்பா நெனப்பாங்கலா அக்கா.”

“யாரு நெனப்பாங்க?”

அவர் கல்லாப் பக்கம் திரும்பிக் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டார்.

ரொட்டி பாதி இருக்கும்போதே சுகுமாரனின் கார் வாசலில் வந்து நின்றது. வீட்டுக் கைலியோடு இறங்கி வந்தான்.

“பைய எடுக்கா. வீட்டுக்குப் போலாம்.”

“உக்காரு. சாப்பிட்டியா?”

“வெளையாடாதக்கா. சொந்தக்காரன் இருக்கிற ஊர்ல ஓட்டல்ல படுத்தா ஆளுங்க என்ன பேசுவாங்க? தங்கச்சிக்கு வருஷம் திரும்பல, இவ ஊரு சுத்துறான்னு பேச மாட்டாங்க? நாளைக்கு ரயிலும் வேணாம். நான் கூட்டிட்டுப் போறேன், லீவு கெடைக்கட்டும்.”

கடையில் இருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். கலாதேவி தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

“மீரான் போன் பண்ணி எவ்வளவு நேரத்துல வந்த?”

“என்னது?”

“லகாட்லேருந்து இங்க. நான் ரொட்டி தின்னு முடிக்கல, நீ வந்துட்ட. கைலிகூட மாத்தல. அன்னிக்கு மட்டும் ஏன்டா வரல?”

சுகுமாரன் சுற்றிலும் பார்த்தான். “அக்கா, மெதுவா.”

“காலைல குமுதா நெஞ்சு வலிக்குதுன்னு உனக்குத்தானே போன் போட்டா? நான் வேலைல இருந்தேன், தொழிற்சாலைக்குள்ள போன் கெடையாதுன்னு அவளுக்குத் தெரியும். கிராப் கார் கூப்பிடவான்னு கேட்டிருக்கா. யாருன்னே தெரியாத ஆம்பள காரா, வேணாம்னு நீ சொன்ன. பஸ்ல போறேன்னிருக்கா. தனியாப் பஸ் ஏறாத, வழில மயங்கி விழுந்தா அசிங்கம்ன. வாய்வுதான், சாயங்காலம் வந்து நானே கூட்டிட்டுப் போறேன்ன. அவளும் நல்ல சேலையக் கட்டிக்கிட்டு, கைப்பைய மடில வச்சுக்கிட்டு, வாசல் நாற்காலில உக்காந்திருந்தா. எதிர்லதான்டா பஸ் ஸ்டாப். எத்தன பஸ் போச்சோ.”

“லோரில லோடு இருந்துச்சுக்கா. பாஸ் விடல.”

“இன்னிக்கு யாரக் கேட்டுட்டு வந்த? அவ உசிருக்குக் கெடைக்காத லீவு, என் மானத்துக்கு மட்டும் எப்படிடா ஒடனே கெடைச்சுது?”

சுகுமாரன் கைலி முடிச்சை இறுக்கிக் கட்டினான். நாகூர் மீரான் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார். ஓரத்து மேசையில் யாரோ, “விடுங்கம்மா, ஆத்திரத்துல பேசாதீங்க” என்றார்.

“ஆத்திரத்துலதான் பேசுறேன்,” என்றாள் கலாதேவி. “வேற எதுல பேசச் சொல்றீங்க?”

எழுந்து கைகழுவினாள். சுகுமாரன் பின்னாலேயே வந்தான். குரல் இறங்கியிருந்தது.

“சரி, ரூம்லயே இரு. காலைல நானாவது ஸ்டேஷன்ல விடுறேன்.”

“ரோட்டத் தாண்டினா ஸ்டேஷன். எனக்குக் காலு இருக்கு. நீ வீட்டுக்குப் போ.”

மேலே போய்க் கதவைத் தாழிட்டு, நாற்காலியைக் கைப்பிடிக்கு முட்டுக் கொடுத்து வைத்தாள். குமுதாவுக்காக எட்டு மாதமாக யார் முன்னாலும் அழாதவள், அங்கே சத்தமாகவே அழுதாள். பிறகு நன்றாகத் தூங்கினாள்.

காலையில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தபோது, ஓட்டல் வாசலில் சுகுமாரனின் கார் நின்றது. போயிருக்கவில்லை. அதே கைலியோடு, இருக்கையைச் சாய்த்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். கண்ணாடியில் பனி படிந்திருந்தது. எவனாவது உள்ளே வந்துவிடுவானோ என்று ராத்திரி முழுக்கக் காவல் இருந்திருக்கிறான்.

ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. கண்ணாடியைத் தட்டக் கையைக்கூடத் தூக்கிவிட்டாள். அன்றைக்கு ஒரு பகலில் வர முடியாத இவனால் ஒரு ராத்திரி முழுக்க இங்கே காத்திருக்க முடிந்திருக்கிறது என்று நினைத்ததும் கை தானாக இறங்கியது.

இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து, நிலையத்துக்குள் போனாள்.