காலடியில் வைத்த நாற்று

‘பாம்... பாம்...’ என்று பருத்திப்பட்டு ஏரிக்கரையே அதிரும்படி ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு ஜீப் வந்து நின்றது. கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமைகள் நாலு பக்கமும் சிதறின. கழனியில் குனிந்து நட்டுக்கொண்டிருந்த சாமுண்டீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

“வந்துட்டாங்கடி, வெள்ளக்காரங்களை இட்டுகினு போறதுக்கு,” என்றாள் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த நாகம்மா.

“வந்தா வரட்டும். நீ கையை நிறுத்தாதே.”

சாமுண்டிக்கு அவள் கவலை. பதினைந்து வருஷம் ஊரார் கழனிகளில் கூலிக்கு நட்டவள், முதல் தடவையாக அறுபது சென்ட் குத்தகைக்கு எடுத்துத் தானே பயிர் வைக்கிறாள். “நான்தான் ஃபேக்டரிக்குப் போறேனே, உனக்கு எதுக்குடி இந்தச் சேறு?” என்று புருஷன் கன்னியப்பன் கேலி செய்தும் கேட்கவில்லை. நடவுக்குப் பத்துப் பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். விடிந்து பார்த்தால் நாலு பேர். மற்றவர்கள் ஆவடியில் குவார்ட்டர்ஸ் கட்டுகிற இடத்துக்குச் சித்தாள் வேலைக்குப் போய்விட்டார்கள். மதகுக்காரர் எத்திராஜோ, “சாயங்காலம் அஞ்சு மணிக்கு மதகை அடைச்சுடுவேன். அப்புறம் எட்டு நாளைக்கு இந்தப் பக்கம் தண்ணி கெடையாது” என்று கறாராகச் சொல்லிவிட்டார். நாற்றுக்கு ஏற்கெனவே முப்பத்தைந்து நாள் ஆகிவிட்டது. இன்றைக்கு நடாவிட்டால் மாட்டுக்குத்தான் போட வேண்டும். மணி பத்து. கால்வாசிக் கழனிகூட நிரம்பவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் பக்தவத்சலம். வெளிநாட்டு வாலிபர்களைக் கிராமங்களில் விவசாய வேலைக்கு அனுப்புகிற ஒரு சங்கத்தின் பட்டணத்து ஆபீஸில் இருப்பவர். டென்மார்க்கிலிருந்து வந்த இரண்டு பேரைப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் பஞ்சாயத்துத் தலைவர் கோவிந்தராஜ் வீட்டில் கொண்டுவந்து விட்டவர் அவர்தான்.

அந்த இரண்டு பேர் பட்ட பாடு இருக்கிறதே! லார்ஸ் என்கிற பையனுக்கு இரண்டாம் நாளே வயிறு கெட்டது. மிச்சம் இருந்த உடம்பைக் கொசு பார்த்துக்கொண்டது. ஆனாலும் தலைவர் வீட்டு வேர்க்கடலைச் சட்னி என்றால் உயிர் அவனுக்கு. வயிறு தேறினால் சட்னி, சட்னி தின்றால் மறுபடி வயிறு என்று நாட்கள் ஓடின.

பிர்கிட் என்கிற பெண்ணுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவள் குறை வேறு. ஊரிலேயே புத்தகம் வைத்துத் தமிழ் கற்றவள். “நான் வேலை செய்ய வந்தேன்” என்று வந்த அன்றே சொன்னவள். யார் விட்டார்கள்? மண்வெட்டியைத் தொட்டால் ஒருவர் பிடுங்கினார். குடத்தைத் தூக்கினால் நாலு பேர் ஓடி வந்தார்கள். “வூட்டுக்கு வந்தவங்களை வேலை வாங்குறதா? நல்லா கீதே!” என்பார் தலைவர். அவள் எங்கே போனாலும் பின்னாலேயே அவர் வீட்டு ஆள் உத்தமன் ஒரு மடக்கு நாற்காலியோடு போவான். விரித்துப் போட்டு, துண்டால் தட்டி, “குந்தும்மா” என்பான். களத்தோரம் நாற்காலி, கிணற்றோரம் நாற்காலி, பக்கத்து ஊர் பாரிவாக்கத்து வரப்பில்கூட நாற்காலி. பொறுத்துப் பார்த்துவிட்டு இருவரும் சங்கத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார்கள். அதன் பலன்தான் இந்த ஜீப்.

புறப்படுவதற்கு முன் கழனிகளை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று பிர்கிட் வரப்பில் நடந்து வந்தாள். பின்னால் தலைவர், அவருக்குப் பின்னால் பக்தவத்சலம், கடைசியில் நாற்காலியும் உத்தமனும்.

நாகம்மாவுக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு நாற்றுமுடிக் கட்டை எடுத்துக்கொண்டு போய் பிர்கிட்டின் காலடியில் வைத்தாள். மற்ற பெண்கள் குலவை போட்டார்கள். நடவு நடக்கிற கழனிக்கு வருகிறவர்களை இப்படி நாற்று வைத்து மறிப்பதும், வந்தவர்கள் வெற்றிலை பாக்குக்கு ஏதாவது சில்லறை கொடுத்துவிட்டு நகர்வதும் வழக்கம். தலைவர் சிரித்துக்கொண்டே சட்டைப் பையில் கையை விட்டார்.

அதற்குள் பிர்கிட் குனிந்து நாற்றுமுடியை எடுத்துவிட்டாள். செருப்பை உதறினாள். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினாள். தொபுக்கென்று சேற்றில் இறங்கினாள்.

குலவை பாதியில் நின்றது.

“ஐயய்யோ! ஏறும்மா மேல!” தலைவர் அலறினார். “வூட்டுக்கு வந்த பொண்ணை சேத்துல எறக்கிட்டான்னு ஊரே என்னைக் காறித் துப்புமே! சாமுண்டி, இன்னா பாத்துகினு நிக்கிறே? கரைக்கு ஏத்து!”

சாமுண்டி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பன்னிரண்டு நாளில் அந்த முகத்தில் இப்படி ஒரு சிரிப்பை யாரும் பார்த்ததில்லை. பிறகு வெறும் சேறாய்க் கிடந்த முக்கால் கழனியைப் பார்த்தாள். தலைவர் ஒரு வார்த்தை சொன்னதால்தான் இந்தக் குத்தகையே கிடைத்தது. அவர் பேச்சைத் தட்டுவதா? ஆனால் இரண்டு கை என்றாலும் கைதானே?

“அது ஆவாது தலைவரே,” என்றாள். “நாத்தைக் கையில வாங்கினவங்க கடைசி முடி வரிக்கும் இருந்து நட்டுட்டுத்தான் ஏறணும். பாதியில ஏறினா கழனிக்கு ஆவாது. எங்க நடவுக்காரங்க வழக்கம் அது. இன்னா நாகம்மா, சொல்லேன்?”

நாகம்மா வெற்றிலைச் சாற்றை அப்படியே விழுங்கிவிட்டாள். “ஆ...மா. மீறினா பூச்சி உழும்.”

பக்தவத்சலம் இதை இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். பிர்கிட் பயபக்தியோடு தலையை ஆட்டினாள்.

கூடுதல் கை கிடைத்தது என்று நினைத்தால், இருந்த கையும் போயிற்று. அவள் நட்டது எல்லாம் தண்ணீரில் மிதந்தது. சாமுண்டி பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகத் திருப்பி நட வேண்டியிருந்தது. “மூணு நாத்து புடி. வெரலால அழுத்து. இன்னா தாயே, கொழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி வைக்கிறே?” பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிர்கிட்டும் சிரித்தாள். சிரிப்பில் நாற்று நகருமா? மணி பதினொன்று ஆயிற்று. சாமுண்டி மதகுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

வரப்பில் நின்ற தலைவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. விருந்தாளி சேற்றில், அவர் கரையில். உத்தமன் பழக்க தோஷத்தில் நாற்காலியை விரித்து, “நீங்களாவது குந்துங்க நைனா” என்றான்.

“தூக்கிக் கடாசுடா அதை!” என்று சீறினார் தலைவர். “ஓடு! நம்ம கழனியில, களத்துல, மாட்டுக்கொட்டாயில கீற அத்தினி பேரையும் இட்டுகினு வா. சட்டுனு நட்டு முடிச்சு அந்தப் பொண்ணைக் கரையேத்தணும்!”

அரை மணி நேரத்தில் எட்டுப் பெண்களும் மூன்று ஆண்களும் வந்து சேர்ந்தார்கள். அப்புறம் கேட்கவேண்டுமா? ஆண்கள் நாற்றைப் பறித்துக் கட்டி வீச, பெண்கள் வரிசை பிடித்துப் பின்னால் நகர்ந்தார்கள். தலைவரே வேட்டியை மடித்துக்கட்டி முடி சுமந்தார். ஜீப்பில் சுருண்டு படுத்திருந்த லார்ஸ்கூட எழுந்து வந்து இரண்டு நடை சுமந்தான். மூன்றாவது நடைக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் விழுந்தவன், அதன் அருமையை அன்றுதான் உணர்ந்தான்.

நாலரை மணிக்குக் கடைசி முடி நடப்பட்டது. கடைசி நாற்றை பிர்கிட்டையே நட வைத்தார்கள். மிதக்கவில்லை. எத்திராஜ் மதகை அடைக்க வந்தபோது, அறுபது சென்ட்டும் பச்சைக் கோடு கோடாகத் தண்ணீரில் நின்றது. சாமுண்டி வரப்பில் நின்று கண் நிறையப் பார்த்தாள்.

ஜீப் கிளம்பத் தயாராயிற்று. தலைவர் சட்னிக்கு வறுத்த வேர்க்கடலையை ஒரு பையில் கட்டி லார்ஸிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். சாமுண்டிக்கு மனசு உறுத்தியது. நாள் முழுக்க ஒரு பெண்ணைப் பொய் சொல்லி வெயிலில் நிறுத்திவிட்டோமே! கால் கழுவிக்கொண்டிருந்த பிர்கிட்டின் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

“தாயே, நட்டுட்டுத்தான் ஏறணும்னு ஒரு வழக்கமும் கெடையாது. ரெண்டு காசு குடுத்தா நாங்களே வழி வுட்டுடுவோம். எனக்கு ஆளு இல்ல, அதான் பொய் சொன்னேன். மனசுல வச்சுக்காதே.”

நிறுத்தி நிறுத்தி அவள் சொன்னதை பிர்கிட் கவனமாகக் கேட்டாள். தலைவர் காதில் விழுகிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“தெரியும் அக்கா. போன வாரம் பாரிவாக்கத்தில் நானே காசு கொடுத்தேன்.”