இரண்டாவது இழுப்பு

...ஒன்றுதான் வந்தது. ஒன்றுக்குப் பிறகு கயிறு செத்த பாம்பு மாதிரி கிடந்தது, இன்னொன்று வரும், வராமல் எங்கே போகும், கையில் வாளி இருக்கும், அதைக் கீழே வைத்துவிட்டு இழுப்பான், வைக்க இடம் வேண்டாமா, முழங்கால் வரைக்கும் கசடு... வரவில்லை. தரையோடு தரையாகத் திறந்து கிடந்த டேங்க் வாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்த ராக்கெட், கயிற்றைப் பிடித்த கையை இன்னொரு கையால் தொட்டுப் பார்த்தான், ஏதோ கைதான் மரத்துப்போய் ஏமாற்றுகிறது என்பதுபோல. ராக்கெட் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. விண்வெளிப் படம், விண்வெளித் தொடர் என்று அலைகிறவனுக்கு வேலையிடத்தில் யாரோ வைத்தது, கூலிச் சீட்டைத் தவிர எல்லா இடத்திலும் அதுதான் நிலைத்துவிட்டது. பெண்டாட்டிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். "ராக்கெட்டு, வீட்டுல கேஸ் தீர்ந்தது தெரியல, செவ்வாயில தண்ணி இருக்கிறது மட்டும் தெரியுதோ?" அவள் தம்பிதான் இப்போது உள்ளே இருக்கிறான். எண்ணெய் ஆலையின் நிலத்தடி டேங்க், அடியில் வருஷக்கணக்கில் படிந்த கசடு, அதை வழித்து வாளியில் அள்ளுவது ஒருவன் வேலை, மேலே கயிறு பிடிப்பது இன்னொருவன் வேலை. காற்றடிக்கும் மோட்டார் போடுகிற சத்தத்தில் கத்தினால் கத்துகிறவனுக்கே கேட்காது, பேசும் கருவி பொறி கக்கும் என்று உள்ளே விடமாட்டார்கள், ஆகவே கயிறுதான் வாய், கயிறுதான் காது. மேலே இருப்பவன் அவ்வப்போது ஒரு இழுப்பு இழுப்பான், உள்ளே இருப்பவன் ஒரு இழுப்பு திருப்பித் தருவான். நலம். மூன்று இழுத்தால் தூக்கு என்று அர்த்தம். இது ஆலையின் சட்டம், சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இவர்கள் இரண்டு பேருக்கும் வேறு சட்டம், ஒன்றுக்கு இரண்டு. தூரக்கலம் என்று ஒரு விண்வெளித் தொடர், ஞாயிற்றுக்கிழமை காலையில் மொழிமாற்றிப் போடுவார்கள், அதில் ஒரு நாள் இயந்திரக்காரன் கலத்துக்கு வெளியே போய் ஓட்டை அடைப்பான், பேச்சுத் தொடர்பு அறுந்துபோகும், வெளியே கும்மிருட்டு, தொங்குவது ஒரு கயிற்றில். அப்போது கேப்டன் ஒரு இழுப்பு இழுக்க, அவன் இரண்டு திருப்பி இழுப்பான். முதல் இழுப்பு, நான் இருக்கிறேன். இரண்டாவது, நீ இருக்கிறாயா? அட, சாகக் கிடக்கிறவன் கேட்கிற கேள்வியைப் பார், என்று டீக்கடையில் பெஞ்சு மேல் ஏறி நின்று கைதட்டியவன் ராக்கெட். செங்கல் சூளையில் சுமை தூக்கின காலம் அது, முதுகுத் தோல் உரிந்து சட்டையோடு ஒட்டிக்கொள்ளும், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெஞ்சை விட்டுக்கொடுத்ததில்லை. அப்புறம் கல்யாணம் ஆகிப் போன வீட்டில் மாமனார் முகம் கொடுத்துப் பேசவில்லை, சூளைக்காரனுக்குப் பெண்ணைக் கொடுத்தோமே என்ற கடுப்பு, மாமியார் தண்ணீர் டம்ளரை நங்கென்று வைத்த வேகத்தில் பாதி கொட்டியது. இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தவனிடம் மச்சினன்தான் வந்து கேட்டான், மாமா, நீங்க தூரக்கலம் பாப்பீங்களாமே, அந்த ரோபோ செத்துருச்சா, திரும்ப வருமா? அந்த வீட்டில் அவனை மாமா என்று கூப்பிட்ட முதல் வாய். வரும் மாப்ள, வராம எங்க போகும்... வந்தது, மூன்று வாரம் கழித்து வந்தது, அன்றைக்கு இரண்டு பேரும் போட்ட கூச்சலில் மாமனாரே எழுந்து வந்து பார்த்தார்.

வராமல் எங்கே போகும். இப்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்... ராக்கெட் மறுபடி ஒரு இழுப்பு இழுத்தான். கொஞ்சம் பொறுத்து ஒன்று வந்தது. ஒன்றே ஒன்று. பலமாக வந்ததா, சொங்கியாக வந்ததா? சொங்கி மாதிரிதான் இருந்தது, இல்லை, நடுவாந்திரம். குனிந்து பார்த்தான், விளக்கு வெளிச்சம் உள்ளே குறுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மங்கலாகத் தெரிந்தது, ஆள் தெரியவில்லை, வெளிச்சம் அசைகிறதா என்று பார்த்தால் இவன் கண்தான் அசைந்தது. ஆலைச் சட்டப்படி ஒன்று என்றால் நலம். இவர்கள் சட்டப்படி ஒன்று என்றால் பாதி. மிச்சப் பாதி எங்கே? இரண்டாவதை இழுக்கக் கையில் தெம்பு இல்லாமல் போனதா, அல்லது இழுக்க மனசு இல்லாமல் போனதா? அதுதான் தெரியவில்லை, அது தெரிந்தால் போதும். மனசு இல்லாமல் போக ஞாயிற்றுக்கிழமை காரணம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டுக்கு ஏன் போனோம், போகாமல் இருந்திருக்கலாம். பல வருஷத்துக்கு அப்புறம் தூரக்கலம் புதுசாக வருகிறது, அதே கேப்டன், தலை நரைத்த கேப்டன், தனியாகப் பார்க்கிற பண்டமா அது? போனான். மச்சினன் பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள், கால் வீங்கிச் சுவரோரம் நீட்டி உட்கார்ந்திருந்தாள், வாங்கண்ணே என்றாள், எழப் பார்த்தாள், இவன் வேண்டாம் என்றான். தொடர் ஆரம்பித்தது. கலம் இருட்டிலிருந்து மூக்கை நீட்டியதும் ராக்கெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது, அசிங்கம்தான், என்ன செய்ய. திரும்பிப் பார்த்தால் மச்சினன் வாயைப் பிளந்து தூங்குகிறான். மாப்ள, மாப்ள, கேப்டன் மாப்ள... எழுந்தான், கண்ணைக் கசக்கினான், அப்புறம் சொன்னான். "மாமா, தப்பா நெனைக்காதீங்க. நான் இதெல்லாம் பாக்குறத விட்டு ரொம்ப நாளாச்சு. நீங்க கேப்பீங்களேன்னு கதைய எங்கயாச்சும் படிச்சிட்டு வந்துருவேன்." இவன் சிரித்தான், பின்னே அழவா முடியும். அத்தோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்ததா? நடிச்சியா, இவ்வளவு நாளா என்கிட்ட நடிச்சியாடா, என்று கேட்டுவிட்டான், அந்தப் பெண் முன்னாலேயே. அவன் முகம் சுருங்கியது. "உள்ள எறங்குறது நான் மாமா. உங்களுக்கு மேல நின்னு கனவு காணலாம்." சுருக்கென்று தைத்தது, பொய்யாக இருந்தால் தைத்திருக்காது.

இன்றைக்குக் காலையில் அவன் பெல்ட்டை மாட்டும்போது இவன்தான் கயிற்றை முடிந்தான். முகமூடி போடும்போது ஏதாவது சொல்வான் என்று பார்த்தான், வழக்கமாகச் சொல்கிற ஒரு கேலி உண்டு, படத்துல ஹெல்மெட்டுக்குள்ள லைட் எரியுதே மாமா, கண்ணு கூசாது? கூசாம என்னடா, நடிகன் மூஞ்சி தெரியணும்ல, நம்ம மூஞ்சிய எவன் பாக்கப்போறான்... அந்தக் கேலிகூட இல்லை. கோபம்தான். கோபத்தில்தான் ஒன்று இழுக்கிறான், இனிமேல் உன் தொடர்க் கயிறு வேண்டாம், ஆலைக் கயிறு போதும் என்கிறான். சரி, அப்படியே இருக்கட்டும், அப்படி இருந்தால் நல்லது, கோபமாக இரு மாப்ள, என் முகத்தில் முழிக்காதே, கோபத்தோடு மூச்சு விட்டுக்கொண்டு இரு... ஆனால் கசட்டைக் கிளறக் கிளற அதுக்குள் அடைந்து கிடக்கிற வாயு வெளியே வரும், குழாய்க் காற்று முகமூடியில் எங்காவது கசிந்தால் போதும், முதலில் தலை கிறங்கும், கை தளரும், தனக்குக் கிறங்குகிறது என்று கிறங்குகிறவனுக்குத் தெரியாது. இரண்டு இழுக்கிறவன் ஒன்று இழுப்பான். அப்புறம் ஒன்றும் இழுக்கமாட்டான்.

"என்ன ராக்கெட்டு, சிக்னல் கெடைக்குதா?" மேஸ்திரி போகிற போக்கில் கேட்டார். கிடைக்குது மேஸ்திரி, என்று வாய் சொன்னது, வாய்க்கு என்ன, அது பழக்கத்தில் சொல்லும். தூக்கு என்று சொன்னால் என்ன ஆகும்? மோட்டார் நிற்கும், வேலை நிற்கும், வாயு பார்க்கிறவர் வந்து மறுபடி பார்க்கவேண்டும், பாதியில் தூக்கப்பட்டவன் மூச்சு பத்தாதவன் என்று பேர் வாங்குவான், பேர் வாங்கினால் அப்புறம் உள்ளே விடமாட்டார்கள், உள்ளே இறங்குகிறவனுக்குத்தான் கூடுதல் கூலி, அவன் வீட்டில் பிள்ளை வரப்போகிற நேரம். ஞாயிற்றுக்கிழமை நெஞ்சில் கை வைத்தாய், இன்றைக்கு அடிமடியிலேயே கை வைத்தாய் என்பான். தூக்காவிட்டால்? தானே இறங்கிப் பார்த்தால்? கேப்டன் அப்படித்தான் செய்வார், புகை மண்டிய அறைக்குள் ஹெல்மெட் இல்லாமல் மூச்சை அடக்கிக்கொண்டு பாய்வார், தோளில் ஆளோடு வெளியே வருவார். அதற்கும் கைதட்டியவன்தான் இவன். பக்கத்துப் பட்டறையில் இப்படித்தான் ஒருவன் விழுந்தான், அவனைத் தூக்க அண்ணன் பாய்ந்தான், அண்ணனைத் தூக்க இன்னொருவன், மூன்று பேரையும் கொக்கி போட்டுத்தான் எடுத்தார்கள், ராக்கெட்டும் ஒரு காலைப் பிடித்துத் தூக்கினான், செருப்பு கையோடு வந்துவிட்டது. தொடர்களில் யாரும் அப்படிச் சாவதில்லை. தொடர்களில் கலத்தின் டேங்கை யார் கழுவுகிறார்கள் என்றே காட்டுவதில்லை, ஒரே ஒரு தரம் ஒரு கழுவுகிறவனைக் காட்டினார்கள், முதல் ஐந்து நிமிஷத்திலேயே செத்துப்போனான், பேர்கூட வைக்கவில்லை. அன்றைக்கு மச்சினன்தான் சிரித்தான், மாமா, நம்மாளு மாமா... சிரித்தானே, அது நிஜச் சிரிப்பா, அதுவும் படித்துவிட்டு வந்து சிரித்ததா?

மூன்றாம் முறை இழுத்தான். பதில் வரத் தாமதமானது, அல்லது தாமதமானது போல இருந்தது, மோட்டார் சத்தம் மண்டைக்குள் புகுந்து காலத்தையே ஆட்டிக்கொண்டிருந்தது, வந்தது ஒன்று, அதற்குப் பின்னால் எதுவுமே இல்லாத ஒன்று... "தூக்கு!" கத்தியது தான்தான் என்று ராக்கெட்டுக்கு ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. மோட்டார்க்காரர் ஓடி வந்தார், இரண்டு பேரும் கைப்பிடியைச் சுற்றினார்கள், டேங்க் வாய்க்கு மேல் நிறுத்தியிருந்த மூன்றுகால் தாங்கி முனகியது, கயிறு முறுக்கேறி வழவழவென்று கசடோடு ஏறியது, கனக்கிறது, ஏன் இவ்வளவு கனக்கிறது, பிடித்து ஏறுகிறவன் இப்படிக் கனக்கமாட்டான், பிணம்தான் கனக்கும், அக்காக்காரியிடம் என்ன சொல்வேன், கால் வீங்கி உட்கார்ந்திருக்கிறவளிடம் எந்த வாயால் சொல்வேன்... தலை தெரிந்தது. முகமூடி தெரிந்தது. ஒரு கை மேலே வந்து டேங்கின் விளிம்பைப் பற்றியது. இன்னொரு கையில் வாளி, நிறைய கசடு, அதைக்கூட விடாமல் பிடித்திருந்தான்.

மச்சினன் முகமூடியைக் கழற்றினான், கன்னத்தில் ரப்பர் அழுந்திய சிவப்புத் தடம், துப்பினான், இவன் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டான். "என்ன மாமா? மேல ஏதாச்சும் ஆயிருச்சா? அக்காவுக்கா?" ஒண்ணுதான் வந்துச்சு மாப்ள, என்றான் ராக்கெட். "ஆமா, ஒண்ணுதான். அதானே ரூலு?" நீ ரெண்டுல்ல இழுப்ப, ரெண்டுதானே நம்ம... மச்சினன் கையுறையை உருவிக்கொண்டே அவனையே பார்த்தான். குரல் இறங்கியது. "மாமா, நான் ஒண்ணு இழுக்க ஆரம்பிச்சு மாசக்கணக்காச்சு. ஒரு கையில வாளி, ஒரு கையில வழிக்கிற பலகை, கீழ வச்சா முங்கிப்போகுது. ரெண்டு தடவ எங்க இழுக்குறது? நீங்களும் ஒண்ணும் கேக்கல. சரி, மாமா புரிஞ்சுக்கிட்டார்னு விட்டுட்டேன்."

மேஸ்திரி வந்து கத்தினார், வேற்றுக்கிரகத்துலேருந்து ஆள் வந்தாத்தான் இனி வேலை நடக்கும் என்றார், மோட்டார்க்காரர் சிரித்தார், வாயு பார்க்கிறவர் கருவியை இறக்கிப் பார்த்துத் தலையாட்டினார், மூச்சு பத்தாதவன் என்று இன்றைக்கு யாரும் சொல்லவில்லை, ராக்கெட்டுக்குக் கழண்டுருச்சு என்றுதான் சொன்னார்கள். எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. மாசக்கணக்கா? இல்லையே. போன வாரம்கூட இரண்டு வந்ததே. அதற்கு முந்தின வாரம், அந்தப் பெரிய டேங்கில், கலம் திரும்பி வருமா என்று யோசித்துக்கொண்டே இழுத்தேனே, இரண்டு வந்ததே, கணீரென்று வந்ததே, நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா... வந்ததா? கையில் கயிறு இருந்தது, மனசு கலத்தில் இருந்தது, வந்த ஒன்றை வாங்கிக்கொண்டு மிச்சம் ஒன்றை யார் இழுத்தது? இன்றைக்கு மட்டும்தான், ஞாயிற்றுக்கிழமைக் கோபத்தில், மனசு இந்த டேங்க் வாயிலேயே கிடந்தது. அப்படியானால் இத்தனை மாசமும் உள்ளே ஒருவன் ஒன்றும் இழுக்காமலே கிடந்திருந்தால்?

"கயித்த முடிங்க மாமா," என்றான் மச்சினன், முதுகைக் காட்டிக்கொண்டு. அப்புறம் முகமூடியை இழுத்து மாட்டுவதற்கு முன்னால், சமாதானத்துக்குத்தான் போல, "அந்த ரோபோ இந்தத் தடவ வருதா?" என்று கேட்டான். ராக்கெட் முடிச்சை முடிந்தான், அவிழ்த்தான், மறுபடி முடிந்தான். மோட்டார் மறுபடி உறுமத் தொடங்கியது, மச்சினன் இறங்கினான், தலை மறைந்தது, வெளிச்சம் குறுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் போனது. ராக்கெட் கண்ணை மூடினான், வேண்டாம் என்று திறந்தான், கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தான். ஒன்று வந்தது. பொறுத்தான்... இன்னொன்று வந்தது, மெல்ல, மீன் தூண்டிலை மோந்து பார்க்கிற மாதிரி. வந்ததா? மோட்டார் அதிர்வா, கை நரம்பா, இல்லை, என் மாமா பாவம் என்று அவனே வாளியை வைத்துவிட்டு இழுத்தானா? இன்னொரு தரம் இழுத்துக் கேட்கலாம்தான். கேட்டாலும் பதில் இந்தக் கைக்குத்தானே வரவேண்டும்.