வந்த வேகத்தில் போன டிக்

பெருநாள் நெருங்கினால் ஜகார்த்தாவில் எல்லோருக்கும் ஓர் ஊர் முளைத்துவிடும். வெனிங்குக்கு அப்படி ஒன்று இல்லை. அம்மா இறந்தபின் அப்பா வேறு குடும்பத்தோடு கடல் தாண்டிக் காலிமந்தானுக்குப் போய்விட்டார். அங்கே போய் விருந்தாளி மாதிரி உட்கார அவளுக்கு மனமில்லை.

வலைப்பக்கங்களுக்கு நிரல் எழுதுவது அவள் பிழைப்பு. சேர்ந்து சாப்பிடலாமா என்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். அதனால் ஒரு பக்கம் எழுதி, தன்னோடு விடுதியில் தங்கியிருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்: 'பெருநாள் மதியம் தேங்காய்ப்பால் விட்டுக் கோழி ஓப்போர் சமைக்கிறேன். வருகிறவர்கள் உங்கள் பெயருக்குப் பக்கத்திலுள்ள சதுரத்தில் டிக் போடுங்கள்.' போடுமுன் தன் கணினியில் சதுரத்தைச் சொடுக்கிப் பார்த்தாள். டிக் விழுந்தது, நின்றது.

மாலை முழுக்க அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ் அறை டிகோரின் பெயருக்கு நேரே டிக் விழுந்தது. கண் இமைப்பதற்குள் மறைந்தது. அடுத்து மேல்மாடி நர்ஸ்கள் இருவர். அவர்களுடையதும் வந்த வேகத்தில் போனது. வேறு யாராவது இதைக் காட்டியிருந்தால், நிரலில் பிழை, போய்ப் பார் என்று சிரித்திருப்பாள். தன் விஷயம் என்றதும் மூளை வேலைநிறுத்தம் செய்துவிட்டது. தன்னோடுதான் உட்கார வேண்டும் என்பது உறைத்ததும் மூவரும் பின்வாங்கிவிட்டார்கள் என்றே நம்பினாள். அழுகையாக வந்தது.

கோழி வாங்கவில்லை. பெருநாள் தொழுகை முடிந்ததும் போனை அணைத்துவிட்டு நேரே அலுவலகம் போனாள். ஆளில்லாத அங்கே நூடுல்ஸைக் கிண்டித் தின்றுவிட்டு, சாயங்காலம் திரும்பினாள்.

அறை வாசலில் ஒரு தட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது. திறந்தால் சோறும் முட்டைக் குழம்பும், ஓரமெல்லாம் எறும்பும். கொடியில் துணி எடுக்க டிகோர் வந்தான்.

"யார் வெச்சது?"

"நாங்கதான். மூணு பேரும் தட்டோட உங்களுக்காக உக்காந்திருந்தோம். போனும் போகல. கடையெல்லாம் மூடிக் கெடக்கு, முட்டைதான் இருந்துச்சு. வரலைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்க்கா."

"நீங்கதானே போட்ட டிக்கை எடுத்துட்டீங்க?"

"நானா? இந்தா பாருங்க."

போனை நீட்டினான். அன்று திறந்த பக்கத்தை அவன் மூடவே இல்லை. அதில் டிக் அப்படியே இருந்தது.

"எங்க தொட்ட?"

"பேரைத்தான். அந்தப் பொடிச் சதுரத்தை எந்த விரலால தொடுறது?"

வெனிங் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெயரைத் தொட்டால் அதற்கு ஒரு கிளிக். பெயர் சதுரத்தோடு இணைந்தது என்பதால், பிரவுசர் தானாகவே சதுரத்துக்கும் ஒரு கிளிக் கொடுக்கும். அவள் எழுதியதோ, அந்த வரிசையில் எங்கே கிளிக் விழுந்தாலும் கேட்டுக்கொண்டு, பட்டியலில் இருப்பதை மாற்றிப் போடும். முதல் கிளிக்கில் 'வருகிறேன்', அடுத்ததில் 'வரவில்லை'. தொட்டவன் திரையில் டிக் நிற்கும், அவள் பட்டியலில் அழிந்துவிடும். அவள் சோதித்தபோது மவுஸால் சதுரத்தை மட்டும் தொட்டிருந்தாள்.

"நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"அது கெடக்கட்டும். எங்ககிட்ட ஒரு தரம் கேட்டிருக்கக் கூடாதா? ஒரு படி எறங்கினா என் ரூம்."

 டிகோர் துணியை எடுத்துக்கொண்டு கீழே போனான். நர்ஸ்கள் ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

உள்ளே போய் மாற்றி எழுதினாள்: கிளிக்கை எண்ணாதே, சதுரத்தில் டிக் இருக்கிறதா என்று மட்டும் கேள். போனில் தன் பெயரைத் தொட்டுப் பார்த்தாள். டிக் விழுந்தது, நின்றது. அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

பிறகு வாசலுக்கு வந்து, எறும்பை ஊதித் தள்ளிவிட்டு, ஆறிப்போன சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.