சரிசரியின் தேர்வுக் கச்சேரி

பல்கலைக்கழகத்தின் ஜாஸ், பாப் இசைத் துறையில் இறுதியாண்டு மாணவர்கள் முப்பது பேர். கிடார் பதினொன்று, பாட்டு எட்டு, டிரம்ஸ் ஐந்து, பியானோ மூன்று, சாக்ஸபோன் இரண்டு. கூட்டிப் பாருங்கள், இருபத்தொன்பதுதான் வரும். மிச்சம் இருந்த ஒருத்தி பேஸ் வாசித்தாள். வயலின் வடிவத்தில், ஆளைவிட ஒரு சாண் உயரமான, நாலு தந்திப் பெரிய பேஸ். அதற்குப் பின்னால் அவள் நின்றால் ஒரு காதும் ஒரு முழங்கையும்தான் வெளியே தெரியும்.

யாரைக் குறை சொல்வது? சின்ன வயதில் கண்ணாடி முன்னால் நின்று துடைப்பத்தைக் கிடாராகப் பிடித்து ஆடாதவர் கிடையாது. பேஸ் வாசிப்பதாகப் பாவனை செய்து பார்த்த பிள்ளையை இந்த உலகம் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் பேஸ் இல்லாமல் கச்சேரி நடத்தினால் தரை இல்லாத வீட்டில் குடியிருப்பது போலத்தான். அதனால் இறுதித் தேர்வு வந்தால் எல்லோருக்கும் அவள் வேண்டும்.

தேர்வு என்றால் எழுதுவது அல்ல. ஒவ்வொருவரும் அரை மணி நேரம் ஒரு கச்சேரி நடத்திக் காட்ட வேண்டும். குழுவுக்கு ஆள் பிடிப்பது அவரவர் பாடு. அவளிடம் யார் போய்க் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "சரி, சரி." பதிவேட்டில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. வகுப்பில் அவள் பெயர் சரிசரி. அந்த வருஷம் பதினான்கு பேருக்குச் சரி சொல்லியிருந்தாள். வலது கையில் தந்தி மீட்டும் விரல் இரண்டிலும் கொப்புளம் கிளம்பி, பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு திரிந்தாள்.

"தனக்கு மிஞ்சித்தான் தானம்" என்று அவளுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். யார் சொல்வார்கள்? சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் தானம் வாங்கிய கைகள்தானே.

அவளுக்கு மனசில் ஒரு கனம் இருந்தது. தேர்வின் நூறு மதிப்பெண்ணில் அறுபது வாசிப்புக்கு, நாற்பது குழுவை முன்னால் நின்று நடத்துவதற்கு. அந்த நாற்பதில் குறைந்தது இருபது எடுக்காவிட்டால் அதே வருஷத்தைத் திரும்பப் படிக்க வேண்டியதுதான். போன வருஷம் அவளுக்குக் கிடைத்தது பதினெட்டு. ‘துணை வாசிப்பு மிகச் சிறப்பு. இவர் முன்னால் வரவே இல்லை’ என்று எழுதி, கருணையோடு இரண்டு மதிப்பெண் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். இறுதியாண்டில் கருணை கிடையாது என்று அறிவிப்புப் பலகையிலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

இதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவின் கேள்வி அதைவிடக் கஷ்டமானது.

அம்மா ஒரு தையல் ஆலையில் சூப்பர்வைசர். நாற்பது மிஷின் ஒரே கூடத்தில் ஓடும். பேஸின் அடியில் இருக்கும் கூர்க்கம்பி மேடையில் வழுக்காமல் இருக்க, ஆலையில் கழித்துப் போட்ட ரப்பர் விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நடுவே குழி தோண்டிக் கொடுத்தது அம்மாதான். அந்தத் துண்டு இல்லாமல் மகள் மேடை ஏறியதில்லை. மகள் வாசிக்கும் கச்சேரிக்கெல்லாம் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டாவது வருவார். மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். முடிந்ததும் கைதட்டுவார். வெளியே வந்ததும் கேட்பார்:

"நல்லாத்தான் இருந்துச்சு. நீ எப்போ வாசிச்ச?"

"முழுக்க வாசிச்சேன்மா."

"உன் விரல் ஆடுறது தெரிஞ்சுது. சத்தம் ஒண்ணும் கேக்கலையே? அந்தப் பாட்டுக்காரப் பொண்ணு கேக்குது, பியானோ கேக்குது. உன்னை மட்டும் ஏன் பின்னாலேயே நிக்க வைக்கிறாங்க?"

மூன்று வருஷமாக இதே கேள்வி. கேலி இல்லை, உண்மையான கவலை. மகளை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றே அம்மா நம்பினார். ஒருமுறை மகள், "நாப்பது மிஷின்ல உனக்கு ஒரு மிஷின் சத்தம் தனியா கேக்குமா?" என்று மடக்கிப் பார்த்தாள்.

"ஓடுறப்போ எப்படிக் கேக்கும்? ஒண்ணு நின்னா கேக்கும். திரும்பியே பாக்க வேணாம், பதினேழாம் நம்பர்னு சொல்லிடுவேன்."



தேர்வு வாரத்தின் திங்கட்கிழமை பாட்டுக்காரி ஒருத்தியின் கச்சேரி. இந்தப் பாட்டுக்காரி சரிசரியின் அறைத்தோழி. குரல் தேன். கை மட்டும் சும்மா இருக்காது. பதற்றம் வந்தால் தலைமுடியைத் தள்ளிவிட்டுக்கொள்வாள். ஜாஸ் மேடையில் இது சின்ன விஷயம் இல்லை. ஒருவர் தனித்துச் சோலோ வாசித்துக்கொண்டிருக்கும்போது குழுவை நடத்துபவர் உச்சந்தலையைத் தொட்டால், ‘போதும், எல்லோரும் மெட்டுக்குத் திரும்புங்கள்’ என்று அர்த்தம். வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்தில் கைதான் பேசும்.

பியானோக்காரன் தன் சோலோவில் பாதி வழியில் இருந்தான். பாட்டுக்காரியின் கை தலைக்குப் போனது. டிரம்ஸ்காரன் பார்த்தான். அவன் எப்போதும் அவளையே பார்த்துக்கொண்டிருப்பவன். அதற்கு இசை மட்டும் காரணம் இல்லை என்று துறைக்கே தெரியும். படபடவென்று உருட்டி மெட்டுக்குள் குதித்தான். பாட்டுக்காரி குழம்பிப் பாட ஆரம்பித்தாள். கண்ணை மூடியிருந்த பியானோக்காரன் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரே பாட்டின் இரண்டு இடத்தில் இரண்டு கூட்டம்.

சரிசரி ஒரு கீழ் சுரத்தைப் பிடித்து அப்படியே நீட்டினாள். இங்கே வாருங்கள் என்று அதட்டாமல் கூப்பிடுகிற சுரம். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சபையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மதிப்பெண் தாளில் பாட்டுக்காரிக்கு, ‘குழுவை இறுக்கமாக நடத்தினார்’ என்று எழுதியிருந்தார்கள்.

"நீ இல்லேன்னா நான் செத்தேன்," என்று பாட்டுக்காரி கட்டிக்கொண்டாள். "உன் கச்சேரிக்கு உயிரைக் கொடுத்துப் பாடுறேன் பாரு."

"உயிரெல்லாம் வேணாம். தலையைத் தொடாம இரு, போதும்."

"கிளிப் போட்டுக்கிறேன். சத்தியமா."

சரிசரியின் கச்சேரிக்கும் அதே குழுதான். ஒத்திகை ஒன்றே ஒன்றுதான் நடந்தது, வியாழக்கிழமை, ஆறாம் எண் அறையில், நாற்பது நிமிஷம். சுவரில் சத்தம் அடக்கும் பஞ்சுத் தகடு பாதி பெயர்ந்து தொங்கும் அறை அது. டிரம்ஸ்காரன் பதினைந்து நிமிஷம் தாமதமாக வந்தான். பியானோக்காரன் அடுத்த வகுப்புக்காக எட்டு நிமிஷம் முன்னால் கிளம்பினான். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அவள் பதினான்கு பிள்ளையை ஊட்டினாள். தன் பிள்ளை மூன்று பாட்டோடு ஒல்லியாக நின்றது.

அந்த மூன்றில் நடுப்பாட்டு அவளே போட்டது. மெதுவான பாட்டு. பாட்டுக்காரி ஒரு சுற்று, பியானோ ஒரு சுற்று, பிறகு பேஸ் தனியாக இரண்டு சுற்று. முழுக் கச்சேரியிலும் அவளுக்கு இருந்த சோலோ அது ஒன்றுதான். இன்னொன்று வைத்திருக்கலாம். கூச்சம் விடவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. எண்பது நாற்காலி போட்ட கூடத்தில் இருபது பேர். முதல் வரிசையில் தேர்வாளர்கள் மூவர், மடியில் அட்டை. மூன்றாவது வரிசையில் அம்மா, கைப்பை. அவள் ரப்பர் துண்டைத் தரையில் போட்டு, கம்பியை அதன் குழியில் ஊன்றினாள்.

முதல் பாட்டு பிழை இல்லாமல் முடிந்தது. பிழை இல்லை, அவ்வளவுதான். வழக்கம்போல எல்லோருக்கும் பின்னால் நின்று எல்லோரையும் தாங்கினாள். நடுவில் இருந்த தேர்வாளர் ஏதோ எழுதினார். எழுதியது சின்ன வாக்கியம். போன வருஷத்து வாக்கியமாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டாவது பாட்டு. பாட்டுக்காரி உயிரைக் கொடுத்துத்தான் பாடினாள். பியானோ தன் சுற்றை முடித்து ஒதுங்கியது. டிரம்ஸ் ஓய்ந்தது. அவள் மூச்சை இழுத்து முதல் சுரத்தை வைத்தாள். இரண்டாவது. மூன்றாவது. கூடம் சின்னதாகி அருகே வந்தது போல இருந்தது.

பாட்டுக்காரி சொன்ன சொல் தவறாதவள். கிளிப் போட்டுத்தான் வந்திருந்தாள். கிளிப் சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

பாட்டுக்காரியையே பார்த்துக்கொண்டிருந்த டிரம்ஸ்காரன் உருட்டினான். பியானோ மெட்டுக்குள் விழுந்தது. பாட்டுக்காரி முகம் பேயறைந்தது போல ஆகி, பழக்க தோஷத்தில் வாயைத் திறந்து பாடவே ஆரம்பித்துவிட்டாள். அதைவிடக் கொடுமை, சரிசரியின் விரல்களும் அவர்களோடு போயின. அவளைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. யார் தடுக்கி விழுந்தாலும் ஓடிப்போய்த் தாங்குவது மூன்று வருஷமாக அந்த விரல்களுக்குப் பழக்கம். இரண்டு வரி தாங்கின. நடுவில் இருந்த தேர்வாளர் பேனாவை மூடினார்.

அந்த மூடியின் ‘டக்’ அவளுக்குக் கேட்டது. அடுத்த பாட்டில் அவளுக்குச் சோலோ கிடையாது. இது போனால் எல்லாம் போச்சு. அவளுக்குக் கோபம் வந்தது. பாட்டுக்காரி மேல் இல்லை, தன் விரல் மேல்.

இரண்டு கையையும் தந்தியிலிருந்து எடுத்துவிட்டாள்.

இருட்டில் இறங்கும்போது இன்னும் ஒரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் ஆனது. பாட்டு தொடர்ந்தது, ஆனால் எதன் மேலும் நிற்கவில்லை. பியானோ தடுமாறியது. டிரம்ஸ் இளைத்தது. பாட்டுக்காரியின் குரல் நடுவழியில் நின்றது. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் அவர்கள் எல்லோரும் ஒன்றாகத் திரும்பி அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கூடத்தில் ஒருவர் எழுந்து நின்றார். கைப்பை தரையில் விழுந்தது.

"என்னாச்சு? ஏன் நிறுத்திட்ட?"

அம்மா. தேர்வுக்கூடம், தேர்வாளர், மரியாதை எதுவும் அவருக்கு நினைவில்லை. இருபது பேரும் திரும்பினார்கள். அம்மாவின் கண் பாட்டுக்காரி மேல் இல்லை, பியானோ மேல் இல்லை. நேராகப் பேஸ் மேல் இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஒண்ணும் இல்லம்மா, உக்காரு," என்றாள். பிறகு குழுவைப் பார்த்து, "இல்ல. என் சோலோ இன்னும் முடியல," என்றாள். "நான் தலையைத் தொட்டா மட்டும் வாங்க." டிரம்ஸ்காரனிடம், "இந்தப் பக்கம் பாரு," என்றும் சேர்த்துக்கொண்டாள். அவன் காது சிவந்தது. அவள் வாயிலிருந்து ‘இல்ல’ என்ற சொல்லை அந்தத் துறையில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

முதல் சுரத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. பேஸை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டதில் முகம் முழுக்க வெளியே தெரிந்தது. இரண்டாம் சுற்றில் ஒரு சுரம் தப்பியது. அதையே இன்னும் இரண்டு முறை வேண்டுமென்றே வாசித்துச் சொந்தமாக்கிக்கொண்டாள். முடிக்கும் இடம் வந்ததும் ஒரு சிக்கல். பேஸ் வாசிக்க இரண்டு கையும் வேண்டும். தலையைத் தொடுவது எப்படி? எந்த விரலும் அழுத்தத் தேவையில்லாத அடித்தந்தியை வலது கையால் மீட்டி அதிரவிட்டாள். அது கூடம் முழுக்க நிறைந்தபோது இடது கையை மெல்லத் தூக்கி உச்சந்தலையில் வைத்தாள்.

மூவரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். மூவரின் கண்ணும் அவள் மேல் இருந்தது.

முடிவைக் கதவில் ஒட்ட முக்கால் மணி நேரம் ஆனது. உள்ளே தேர்வாளர்கள் மூவரும் வாதாடியது வராந்தா வரை கேட்டது. ‘தேர்வின் நடுவே நிறுத்தியது சரியா தவறா என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. நிறுத்தியது யார், மீண்டும் தொடங்கியது யார் என்பதில் சந்தேகம் இல்லை’ என்று எழுதி, நடத்தியதற்கு நாற்பதுக்கு இருபத்து மூன்று போட்டிருந்தார்கள். பாட்டுக்காரி கிளிப்பைக் கழற்றி அவள் கையில் வைத்து ஓவென்று அழுதாள். சரிசரிதான் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா?

பேஸைத் துறை அறையில் திருப்பி வைக்க வேண்டும். அவள் மேல்பக்கம், அம்மா கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார்கள்.

"நீ கையை எடுத்தியே, அப்போ என்னமோ அறுந்து விழுந்த மாதிரி இருந்துச்சு. எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு."

"தெரியும்மா. பதினேழாம் நம்பர்."

அம்மா நின்றுவிட்டார். பேஸும் நின்றது. அவர் அதன் வயிற்றைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார்.

"அப்போ இந்த மூணு வருஷமும் நான் உன்னைக் கேட்டுக்கிட்டுதான் இருந்தேனா?"

அவள் ஆமென்று தலையாட்டினாள். அம்மா பிடியைச் சரிசெய்துகொண்டு, "மெதுவா வா, படி இருக்கு," என்றார்.