மாமா வார்த்த கதவு ரப்பர்

1

இந்தக் கதையை என் அக்கா வீட்டுக் கார் ஷெட்டிலிருந்து கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்கள். முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

'அந்தப் பழைய காரின் கதவிடுக்கில் மழை கண்ணீர்போல வழிந்து'

வேண்டாம். மழை தண்ணீர்போலத்தான் வந்தது. அதுவும் அக்கா உட்காரும் பக்கமாகப் பார்த்து வந்தது. மடியில் துண்டை விரித்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் காய்ந்து வெடித்து, தொட்டால் உதிர்ந்தது. அந்தக் காருக்கு உதிரிபாகம் செய்வதையே கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது.

"நாமளே வார்த்துடலாம்" என்றார் மாமா.

2

மாமா என்பது அக்காவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அக்காவுக்குப் பல்செட் செய்யும் லேபில் வேலை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு முகத்தின் மேல்பாதி மாமா பொறுப்பு, கீழ்ப்பாதி அக்கா பொறுப்பு. (இந்த வரியை அடிக்கச் சொன்னாள் அக்கா. மனசு வரவில்லை.)

அந்தச் சமயத்தில் தூரத்து நகரம் ஒன்றிலிருந்து அக்காவுக்கு அழைப்பு வந்தது. பெரிய லேப். முழுப் பொறுப்பும் அவளுக்கு. எத்தனையோ வருஷமாக ஆசைப்பட்ட வேலை.

"நான் போகட்டுமா? நீங்களும் வர்றீங்களா?" என்று மாமாவிடம் கேட்டாள்.

மாமா எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டார்.

3

கதவின் கீல் பக்கம், வெயில் படாத இடத்தில், கையளவு ரப்பர் மட்டும் பழுதில்லாமல் இருந்தது. மாமா அதை வெட்டியெடுத்து, மாவுபோலக் குழைத்த வெள்ளைச் சாந்தில் அழுத்தி அச்சு எடுத்தார். இரண்டு டப்பாக்களில் வரும் திரவ ரப்பரைக் கலந்து அச்சில் ஊற்றினார். துண்டு துண்டாக வார்த்து, நுனியோடு நுனி ஒட்டி, நாலு கதவுக்கும் சுற்றிவிடுவது திட்டம்.

முதல் துண்டு மறுநாளும் பாகாகவே இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான்.

[இங்கே 'அவர் மனம்போல அதுவும் இறுகாமல்' என்று எழுதியிருந்தேன். போனில் வாசித்துக் காட்டியபோது அக்கா சொன்னாள்: "உவமை எல்லாம் அப்புறம்டா. நடந்ததைச் சொல்லு."]

நடந்தது இது. துணி காயப்போட வந்த அக்கா ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"கையில என்ன, என்னோட லேப் க்ளவுஸா?"

"ஆமா. கையில ஒட்டாம இருக்கட்டும்னு."

"அது பட்டா இந்த ரப்பர் இறுகாதுங்க. கழட்டிட்டு, கையைக் கழுவிட்டு ஊத்துங்க."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொன்னீங்களா?"

மாமா கையுறையைக் கழற்றினார். பதிலைக் கழற்றவில்லை.*

* இப்படித் தமிழில் சொல்லலாமா என்று தெரியவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

4

இந்த இடத்தில்தான் எனக்கு மாமாமேல் சந்தேகம் வந்தது. பதில் கிடைக்காமலே மனைவி பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதர் ரப்பர் ஊற்றிக்கொண்டிருப்பாரா? வாசகர் நம்ப வேண்டாமா? ஒரு வரைவில் அவரை முன்கோபக்காரர் ஆக்கினேன். இன்னொன்றில் நெஞ்சுவலி கொடுத்தேன், பாவம். ஆனால் ஷெட்டில் அன்று அவரிடம் நேராகவே கேட்டிருந்தேன்.

"மாமா, அக்கா ஊருக்குக் கிளம்பறா. நீங்க இதைப் பண்ணிட்டு இருக்கீங்களே?"

அவர் அச்சிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள மழை வந்தா நனைஞ்சிடுவாளே, மாப்ளே."

இதைவிட நல்ல வசனம் எனக்கு எழுத வராது. நெஞ்சுவலியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

5

அக்கா கிளம்பும் நாளன்று நாலு கதவிலும் புது ரப்பர். ஆனால் கொஞ்சம் தடிமன் கூடிவிட்டது. உள்ளிருந்து இழுத்தால் கதவு சாத்தாது. வெளியே ஒருவர் நின்று இடுப்பால் இடிக்க வேண்டும். அந்த ஒருவர் நான். மாமா பக்கம் ஓர் இடி. சுற்றிவந்து அக்கா பக்கம் ஓர் இடி. பெட்டியை டிக்கியில் வைக்கப் பின்னால் போனேன்.

பின்கண்ணாடி வழியே பார்த்தால், அக்கா மாமா பக்கம் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பேசினார். மாமா பேசினார்! நிறுத்தாமல் பேசினார்.

பெட்டியோடு குனிந்து கண்ணாடியில் காதை வைத்தேன். (எழுதுகிறவனுக்கு வெட்கம் இருந்தால் பிழைப்பு நடக்காது.) ஒன்றும் கேட்கவில்லை. பழைய ரப்பராக இருந்திருந்தால் இருமல்கூடத் தெருமுனைவரை வந்திருக்கும்.

அந்தப் பேச்சை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மாமா மன்னிப்பு கேட்கிறார். ஒன்றில் இருவரும் ரப்பரைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். ஒன்றில் அக்கா அழுகிறாள்.

"நான் எங்கடா அழுதேன்?" என்றாள் அக்கா, போனில் வாசித்தபோது.

"எனக்கென்ன தெரியும்? கேட்டாத்தானே."

மூன்றையும் அடித்துவிட்டேன். அன்று அடுத்து நான் பார்த்தது, கார் கிளம்பியதுதான். பெட்டி என் கையிலேயே இருந்தது. "அக்கா, பெட்டி!" என்று கத்தினேன். வெளிச் சத்தமும் உள்ளே போகவில்லை.

6

மறுநாள் அந்த நகரத்திலிருந்து அக்கா போன் செய்தாள்.

"பெட்டியை அனுப்பி வைடா. மாத்திக்கத் துணியில்ல."

பின்னாலிருந்து மாமாவின் குரல்: "மாப்ளே, கடையில இருக்கற லென்ஸ் தேய்க்கிற மெஷினையும் சேர்த்து அனுப்பிடு! உடையாம கட்டு!"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"கார்லயேவா அவ்வளவு தூரமும் போனீங்க? பஸ் ஸ்டாண்டுக்குன்னுதானே கிளம்புனீங்க?"

"பேசிட்டே வந்தோம். பஸ் ஸ்டாண்டு தாண்டிப் போயிடுச்சு."

"அப்படி என்னதான் பேசினீங்க?"

"கதவைச் சாத்தினது நீதானடா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

ஆகவே அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்:

அக்கா:

மாமா:

நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். முடித்ததும் எனக்கும் காட்டுங்கள். மெஷினைத் தனியாளாகப் படியிறக்கிக் கட்டி அனுப்பியவன் நான். எனக்கும் தெரிய வேண்டாமா?