முருகன் படத்துக்குப் பின்னால்

"மாமா, கம்ப்யூட்டர் டப்பா ஏன் சாமிகிட்ட உக்காந்திருக்கு?" என்று அக்கா மகள் ஷாமினி ஐந்து வயதில் கேட்டாள். "ஆபீசே நெருப்புல போனாலும் ஒரு காப்பி வெளிய இருக்கணும்லா. நம்ம வீட்டுல இதவிட பத்திரமான எடம் ஏது?" என்று சிரித்தான் தீபன். வாராவாரம் ஈப்போ அலுவலகத்துச் சர்வரில் இருப்பதை எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, செமோர் வீட்டுக்குக் கொண்டுவருவது அவன் வேலை. சோப்புக்கட்டி அளவு கறுப்பு டிஸ்க். முருகன் படத்துக்குப் பின்னால் வைப்பான்.

இன்று சாமி அலமாரியை வெள்ளைத் துணி மூடியிருந்தது. கூடத்தில் தீபன் கிடந்தான். அவன் அக்கா நவமணி தண்ணீர் தொட்டு அவன் தலையைத் திரும்பவும் வாரிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் யாரோ வகிட்டை இடப்பக்கம் எடுத்துவிட்டிருந்தார்கள். அவனுக்கு எப்போதும் வலப்பக்கம். இதுகூடவா தெரியாது என்று பல்லைக் கடித்தாள்.

அலுவலகத்து டிரைவர் கனகராஜ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"தங்கச்சி, கேக்கக் கூடாத நேரம்தான். பாஸ் அனுப்பினாரு. தம்பி விழுந்த அன்னிக்கே சர்வர் செத்துப்போச்சு. தம்பி எடுத்த காப்பியும் பாதியில நின்னுருச்சு. இங்க இருக்கற போன வாரத்து டிஸ்க்தான் மிச்சம்..."

"என்ன செத்துப்போச்சு?" நவமணி எழுந்துவிட்டாள். "இந்த வீட்டுல வந்து நின்னு எது செத்துப்போச்சுங்கறீங்கண்ணே?"

கனகராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னவன, காப்பிய முடிச்சிட்டுப் போன்னாராமே ஒங்க பாஸ்? என் தம்பி போன்ல சொன்னான். தோட்டத்துல கங்காணிகூட சக்கிட்டு, ஒடம்பு முடியலன்னா வீட்டுக்கு அனுப்பிருவான்லா! இப்ப டிஸ்க் வேணுமா? மாலை வாங்கிட்டு வர ஆளில்ல, டிஸ்க் வாங்க மட்டும் ஆள் இருக்கு!"

"கிளினிக்குங்களோட ரெகார்டு எல்லாம் அதுலதான் இருக்கும்மா. நோயாளிங்க பாவம்..."

"என் தம்பியும் நோயாளிதான். சாமி அலமாரிய பதினாறாம் நாள் வரைக்கும் தொறக்க மாட்டோம். போய்ச் சொல்லுங்க."

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கனகராஜின் சட்டைப்பையில் போன் அடித்தது.

"கெடைக்காது பாஸ். சாமி அலமாரி, தொறக்கக் கூடாது... இல்ல, இப்ப வரமாட்டேன். தம்பியத் தூக்கணும்."

போனை அணைத்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நாற்காலிகளை ஒதுக்கப் போய்விட்டார்.

சித்தி மகன் சீனி நவமணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அக்கா, அந்த அண்ணனயா திட்டுனீங்க?"

"பின்ன கொஞ்சுவாங்களா?"

"ஆபீஸ்ல லிப்ட் ரோசாக், வேல செய்யல. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள அவருதான் தீபன முதுகுல போட்டுக்கிட்டு மாடியெல்லாம் எறங்குனாரு. ஆஸ்பத்திரில நான் போறப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு. வாயெல்லாம் வாந்தி. அக்கா வந்து இப்படிப் பாக்கக் கூடாதுன்னு, கைக்குட்டைய நனைச்சுத் தொடச்சாரு. தன் சீப்ப எடுத்து தலையும் வாரி விட்டாரு."

நவமணி பந்தலைப் பார்த்தாள். குனிந்து நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த கனகராஜின் நரைத்த தலையில், வகிடு இடப்பக்கம் இருந்தது.

அவள் கோபம் குறையவில்லை. அந்த முதலாளியை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிந்தது. ஆனால் அதை இந்த மனிதர் தலையில் கொட்டியிருக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்க அவள் வாய் திறப்பதற்குள் ஐயர் கூப்பிட்டுவிட்டார். பெண்களின் அழுகைக்கு நடுவே தீபனைத் தூக்கினார்கள். முன்பக்கம் கனகராஜின் தோள் இருந்தது. வண்டி கிளம்பியபோது அவரும் அதில் ஏறிக்கொண்டார். அவருடைய மோட்டார் சைக்கிள் கேட் ஓரத்திலேயே நின்றது.

பெண்கள் தலை முழுகப் பின்பக்கம் போனார்கள். "வா நவமணி" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"போங்க, வாரேன்."

கூடம் காலியானது. அவள் வெள்ளைத் துணியின் ஓரத்தைத் தூக்கி அலமாரியைத் திறந்தாள். "முருகா, நீ கோவிச்சுக்க மாட்டே" என்று உதட்டுக்குள் சொன்னாள். டிஸ்கின் மேல் தீபன் பூசிய திருநீறு கோடாகக் காய்ந்திருந்தது. அதை அழிக்காமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி, வாசலைக் கடந்து போய், மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வைத்தாள்.

தூறல் போட்டது. கைப்பிடியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து அதன் மேல் கவிழ்த்துவிட்டு, தலை முழுகப் போனாள்.