பதிவு எண் இருபத்து மூன்று

என் மனைவி துணி அலமாரிக்குள் நின்று பாடினாள். எதிரொலி வராமலிருக்க அதுதான் வழி என்று எங்கோ படித்திருந்தேன். இருபுறமும் கம்பளிகள், நடுவில் மைக், அதன் பின்னால் அவள். நான் கணினியோடு கட்டிலில். மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் வரும் என்று மின்விசிறியை அணைத்திருந்தேன். செய்தித்தாளால் விசிறிக்கொண்டார், அதையும் பிடுங்கி வைத்தேன்.

குழந்தைகளைத் தூங்க வைக்கும் பாட்டுகளுக்கென்று ஒரு செயலி வரப்போகிறது. அதற்குப் பாடகி வேண்டுமாம். மாலை ஐந்து மணிக்குள் ஒரு பாட்டு அனுப்ப வேண்டும். பன்னிரண்டு வருடமாகக் குளியலறையில் மட்டுமே பாடியவளுக்கு இதுதான் முதல் வாய்ப்பு.

நான் எதையும் முறைப்படி செய்கிறவன். எண், நாள், பொருள் மூன்றும் இல்லாமல் என் மேசையிலிருந்து ஒரு கடிதமும் போனதில்லை. ஆகவே பாட்டைப் பதியும் மென்பொருளில் முதல் டிராக், அதாவது தனி ஒலித்தடம், அவளுக்கு; இரண்டாவது எனக்கு. அவள் ஹெட்போனில் கேட்கும்படி என் மைக்கில் அறிவித்தேன்: "பதிவு எண் ஒன்று. நாள், மே பன்னிரண்டு. பொருள், தாலாட்டு. தொடங்கலாம்."

பாடி முடித்துத் தலையை வெளியே நீட்டினாள். "நல்லா வந்திருக்குங்க. இதையே அனுப்பிடலாம்."

"மூணாவது வரியில மூச்சு கேக்குது."

"உயிரோட இருக்கேன்ல, கேக்கத்தான் செய்யும்."

"மூச்சு விடாம பாடுற ஆளு வேணும்னா சுடுகாட்டுலதான் தேடணும் மாப்பிள," என்றார் மச்சான்.

இருபத்து மூன்றாம் பதிவில் மூச்சு கேட்கவில்லை. குரலும் பாதிதான் கேட்டது. மணி நாலே முக்கால். அனுப்புமுன் ஒரு சந்தேகம்: தேதியைச் சரியாகச் சொன்னேனா? என் டிராக்கில் இருந்த 'எஸ்' பொத்தானை அழுத்தினேன். ஒரு டிராக்கை மட்டும் பேசவிட்டு மற்றதன் வாயை அடைக்கும் பொத்தான் அது. தேதி சரியாக இருந்தது. மனநிறைவோடு எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி அனுப்பிவிட்டேன்.

ஐந்து பத்துக்குப் பதில் வந்தது. மச்சான் உரக்கப் படித்தார்: "அம்மா, உங்கள் கோப்பில் ஓர் ஆண் குரல் எண்ணும் தேதியும் சொல்கிறது. பிறகு மூன்று நிமிடம் பெருமூச்சு விடுகிறது. நடுவே 'மூன்றாம் வரி, கவனிக்க' என்கிறது. சோதனைக்கு வந்த குழந்தை உடனே தூங்கிவிட்டது உண்மைதான். ஆனால் பாட்டு எங்கே? ஐந்தரை வரை காத்திருக்கிறோம்."

கம்பளிகளை மடித்து வைக்க உள்ளே போயிருந்தவள் கேட்டுவிட்டாள். அலமாரி திறந்தது. தோளில் ஒரு காலுறையோடு வந்தாள்.

"நகருங்க."

"இரு, அந்த இருபத்து மூணை நானே இப்ப..."

"நகருங்கன்னேன்."

நகர்ந்தேன். 'எஸ்'ஸை அணைத்தாள். என் டிராக்கின் வாயை அடைத்தாள். முதலாம் எண் பதிவை எடுத்து, நாளும் பொருளும் இல்லாமல், மூச்சோடு அனுப்பினாள். ஐந்து இருபத்தேழு.

மறுநாள் காலை அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அதைச் சொல்ல மச்சானைப் போனில் கூப்பிட்டேன்.

"தெரியும் மாப்பிள, தங்கச்சி அப்பவே சொல்லிருச்சு. அது இருக்கட்டும். நேத்து அனுப்புனீங்களே அந்தப் பெருமூச்சு, அதை எனக்கு அனுப்புங்க. ஒரு வாரமா தூக்கமே இல்ல."

எண், நாள், பொருள் குறிப்பிட்டு உடனே அனுப்பிவைத்தேன்.